காலை எடுத்த பிறகும் உறுமும் வண்டி

சென்னையிலிருந்து வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் ஜிஎஸ்டி சாலையை விட்டுத் திரும்பும் இடம் படாளம் கூட்ரோடு. அங்கே திரும்புவதற்காகக் காத்து நிற்கும் கார்களில் இன்றும் எப்போதாவது ஒரு மாருதி 800 தென்படும். கியர் நியூட்ரலில் இருக்கிறது. ஓட்டுகிறவரின் கால் ஆக்சிலேட்டரில் இல்லை. ஆனால் இன்ஜின் ஒரு நிலையில் நிற்க மறுக்கிறது. ஊம் என்று ஏறுகிறது; அடங்குகிறது; அணைந்தே விடும் என்று நினைக்கும் நேரத்தில் மறுபடி ஏறுகிறது. பக்கத்தில் நிற்கும் டூவீலர்காரர் திரும்பிப் பார்க்கிறார், யாரோ வேண்டுமென்றே முறுக்குகிறார்கள் என்று எண்ணி.

பழைய சின்னக் கார் வைத்திருந்த எவருக்கும் இந்தச் சத்தம் தெரியும். "வண்டி தானா ரேஸ் ஆகுது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருப்பார்கள். சொன்னவுடன் பிளக் மாறியிருக்கும், த்ராட்டில் பாடி கழற்றிக் கழுவப்பட்டிருக்கும், சில சமயம் கம்ப்யூட்டர் பெட்டியே மாற்றப்பட்டிருக்கும். ஒரு வாரம் கழித்து அதே சத்தம் திரும்பியும் வந்திருக்கும்.

காலைத்தான் எடுத்தாகிவிட்டதே. பிறகு இன்ஜினுக்குக் கூடுதலாகக் கொடுப்பது யார்? கொடுத்ததை அடுத்த நொடியே பிடுங்கிக்கொள்வது யார்?

சும்மா நிற்கும் இன்ஜினின் மூச்சு

முதலில் ஒரு பரவலான எண்ணத்தைச் சரிசெய்துகொள்வோம். பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டரை மிதிப்பது பெட்ரோலைத் திறந்துவிடுவதற்காக அல்ல. மிதிக்கும்போது திறப்பது காற்றுக்கான ஒரு கதவு. அதுதான் த்ராட்டில். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கு ஏற்றாற்போல் பெட்ரோல் சேர்க்கப்படுகிறது: 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே இந்த வகை இன்ஜின் வேகம் கூடினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றைத்தான்.

காலை முழுவதும் எடுத்துவிட்டால் கதவு மூடிக்கொள்கிறது. ஆனால் இன்ஜின் அணையக்கூடாது. தன் உராய்வை வென்று, பேட்டரிக்குச் சார்ஜ் கொடுத்து, தண்ணீர்ப் பம்பைச் சுழற்றிக்கொண்டு உயிரோடு இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஐடிலிங் என்று சொல்லும் இந்த நிலையை இங்கே வெற்றோட்டம் என்று அழைப்போம். அதற்கு வேண்டிய காற்று இரண்டு வழிகளில் வருகிறது. மூடிய கதவின் ஓரத்தில் விடப்பட்ட மெல்லிய இடைவெளி ஒன்று. கதவைச் சுற்றிச் செல்லும் சிறு பக்கவழி இன்னொன்று. அந்தப் பக்கவழியில் ஒரு வால்வு உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் பெட்டியின் கட்டளைப்படி அது திறக்கும், மூடும். மெக்கானிக்குகள் அதை ஐஏசி வால்வு என்பார்கள்.

மாருதி 800-ஐயே எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி அது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். 2000-ஐ ஒட்டிக் கார்ப்பரேட்டர் போய், பெட்ரோலை மின்சாரக் கட்டளையால் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. நம் எடுத்துக்காட்டு அந்த எம்பிஎஃப்ஐ வண்டி.

வெற்றோட்டத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்று சுற்றுகிறது என்று கொள்வோம். வினாடிக்கு 15 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சு இழுக்கும். அதாவது முழு 796 சி.சி.யும் வினாடிக்கு ஏழரை முறை நிரம்புகிறது. பெருக்கினால் ஏறத்தாழ 6 லிட்டர். ஆனால் கதவு மூடியிருப்பதால், அதற்கும் சிலிண்டர்களுக்கும் நடுவிலுள்ள குழாயில், அதாவது மேனிஃபோல்டில், காற்று நெருக்கமாக இல்லை. அங்கே அழுத்தம் வெளிக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே வெளியிலிருந்து உண்மையில் உள்ளே வருவது வினாடிக்கு 2 லிட்டர் காற்று. அதற்குரிய பெட்ரோலைக் கணக்கிட்டால், நின்ற இடத்திலேயே மணிக்கு முக்கால் லிட்டர் போல் செலவாகிறது.

இந்த 2 லிட்டர் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலை அளவுள்ள ஒரு வெடிப்பு இந்த வண்டியை எப்படி ஆட்டிவைக்கிறது என்பது அதிலிருந்துதான் விளங்கும்.

3 மில்லிமீட்டர்

மேனிஃபோல்டிலிருந்து பல ரப்பர்க் குழாய்கள் கிளம்புகின்றன. பிரேக் பூஸ்டருக்கு ஒன்று. இன்ஜினுக்குள் தேங்கும் ஆவியை இழுத்து எரிப்பதற்கான பிரீதர் ஹோஸ் ஒன்று. அழுத்தம் அளக்கும் சென்சாருக்கு ஒன்று. பெட்ரோல் டேங்கின் ஆவியைக் கொண்டுவருவது ஒன்று. இவற்றில் எதில் ஓட்டை விழுந்தாலும் உள்ளிருந்து எதுவும் வெளியே ஒழுகாது. வெளிக் காற்று உள்ளே பாயும். பழுது கண்ணுக்குப் படாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். எண்ணெய் கசிந்தால் தரையில் கறை தெரியும். காற்று உள்ளே கசிந்தால் எந்தத் தடயமும் இல்லை.

எவ்வளவு பாயும்? வெளியே முழு அழுத்தம், உள்ளே மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, துளையின் மிகக் குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தையே எட்டிவிடுகிறது: வினாடிக்கு 300 மீட்டருக்கும் மேல். பானட்டைத் திறந்தால் சில வண்டிகளில் கேட்கும் உஸ் என்ற சத்தம் அந்தப் பாய்ச்சலின் சத்தம். 3 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை வழியே, இழப்புகளைக் கழித்தும், வினாடிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் காற்று உள்ளே வரும்.

வெற்றோட்டத்துக்கு வேண்டிய மொத்தக் காற்றே 2 லிட்டர்தான். அதில் பாதி, ஒரு 3 மி.மீ. துளை வழியே வந்துவிடுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் இதைப் போலப் பல மடங்கு காற்றை இழுக்கும். அப்போது ஒரு லிட்டர் கூடுவது பெரிதாகத் தெரியாது. அதனால்தான் இந்த நோய் சாலையில் ஒளிந்துகொண்டு, கூட்ரோட்டிலும் டோல்கேட்டிலும் தலைகாட்டுகிறது.

ஆனால் 3 மி.மீ. துளை விழுந்த அன்றைக்கு ஓட்டுகிறவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். ஏன் என்று பார்ப்போம். கதவோர இடைவெளி 0.8 லிட்டர் தருகிறது, பக்கவழி வால்வு 1.2 லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். துளை 1 லிட்டர் கொண்டுவந்ததும் இன்ஜின் வேகம் ஏறப் பார்க்கும். கம்ப்யூட்டர் பெட்டி அதைக் கவனித்து வால்வை மெல்ல மூடும், 0.2 லிட்டர் வரை. கூட்டிப் பாருங்கள்: 0.8, 0.2, 1. மறுபடியும் 2 லிட்டர். முள் 900-இலேயே நிற்கிறது. பழுது வந்துவிட்டது, திருத்தம் அதை மறைத்துவிட்டது.

கோடை வருகிறது. பானட்டுக்குள் ரப்பர் வேகிறது. துளை 4 மி.மீ. ஆகிறது. விட்டம் கொஞ்சம்தான் கூடியது. பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. இப்போது துளை வழியே 1.8 லிட்டர். வால்வு முழுவதும் மூடிக்கொண்டாலும் கதவோரத்தின் 0.8 சேர்ந்து 2.6 லிட்டர் ஆகிறது. திருத்துவதற்கு வால்விடம் இனி எதுவும் மிச்சமில்லை. வேகம் 1100, 1200 என்று உயர்ந்து அங்கேயே நிற்கும். பலரும் இந்தக் கட்டத்தில் "கொஞ்சம் ரேஸ் ஜாஸ்தியா இருக்கு, பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

பிறகு ஒரு நாள் துளை 5 மி.மீ. ஆகிறது. 2.8 லிட்டர். கதவோரத்தையும் சேர்த்தால் 3.6 லிட்டர். வெற்றோட்டத்துக்குத் தேவையானதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இங்கேதான் உறுமல் தொடங்குகிறது.

ஏற்றுவது காற்று, இறக்குவது கட்டளை

எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பெட்ரோலைச் சேமிப்பதற்காக ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. த்ராட்டில் மூடியிருந்து, இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றினால், வண்டி இறக்கத்தில் உருண்டுகொண்டிருக்கிறது அல்லது ஓட்டுநர் வேகம் குறைக்கிறார் என்று கம்ப்யூட்டர் பெட்டி புரிந்துகொள்கிறது. அப்போது பெட்ரோல் தேவையில்லை, நிறுத்திவிடுகிறது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே வந்ததும், இன்ஜின் அணையாதிருக்க மறுபடி தருகிறது. நல்ல விதிதான்.

நிறுத்தும் எல்லை 1500, மீண்டும் தரும் எல்லை 1100 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். 3.6 லிட்டர் காற்றோடு நம் 800-இன் வேகம் 1500-ஐத் தாண்டுகிறது. கால் மிதிமேல் இல்லை என்று த்ராட்டில் சென்சார் சொல்கிறது. பெட்டி பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் சரிகிறது. 1100. பெட்ரோல் வருகிறது. காற்றோ ஏராளமாகக் காத்திருக்கிறது. மறுபடி 1500. மறுபடி நிறுத்தம்.

தொடக்கத்தில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை இதுதான். கூடுதலாகக் கொடுப்பது வெடித்த ரப்பர்க் குழாய். பிடுங்கிக்கொள்வது கம்ப்யூட்டர் பெட்டி. அந்தப் பெட்டி கெட்டுப்போகவில்லை. தனக்கு எழுதப்பட்ட விதியைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது. கேட்கும் உறுமல் நோயின் சத்தமல்ல, திருத்தத்தின் சத்தம். இதைப் புரிந்துகொள்ளாமல், திருத்துகிற வால்வையும் பெட்டியையும் மாற்றிப் பணத்தைக் கொட்டுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம். பத்து நாள் சம்பாத்தியம் ஒரு சாண் ரப்பருக்காகப் போகிறது.

இதில் ஒரு நுணுக்கம். மேனிஃபோல்டில் அழுத்தம் அளந்து காற்றின் அளவைக் கணிக்கும் வண்டிக்கே இந்த விளக்கம் பொருந்தும். 800 அந்த வகை. திருட்டுக் காற்று வந்தாலும் அழுத்தம் உயர்வதால், சென்சார் அதையும் கணக்கில் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டச் சொல்லிவிடும். அதனால் இன்ஜின் திணறாமல் வேகமாக ஓடுகிறது. வேறு சில கார்களில், காற்று நுழையும் வாயிலிலேயே அளக்கும் கருவி இருக்கிறது. அங்கே துளை வழியே வந்த காற்று அளவையில் சேராது. பெட்ரோல் பற்றாமல் கலவை மெலிந்துபோய், வண்டி உறுமுவதற்குப் பதில் குலுங்கும். ஒரே வெடிப்பு, இரண்டு வண்டிகளில் இரண்டு குணம்.

வாட் முதல் பம்ப்செட் வரை

இந்த ஏற்ற இறக்கத்தை மனிதர்கள் காரில் முதன்முதலாகச் சந்திக்கவில்லை. 1788-இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தில் கவர்னர் என்ற கருவியைப் பொருத்தினார். சுழலும் இரண்டு குண்டுகள். வேகம் கூடினால் அவை விரிந்து நீராவியைக் குறைக்கும், வேகம் தணிந்தால் சுருங்கி நீராவியைத் திறக்கும். இயந்திரம் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. விளைவை அளந்து, அதைக் கொண்டே அடுத்த செயலைத் திருத்தும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னூட்டம் என்று பெயர்.

ஆனால் சில கவர்னர்கள் இயந்திரத்தை நிலைநிறுத்துவதற்குப் பதில் ஊசலாட வைத்தன. 1840-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி, தொலைநோக்கியைச் சீராகத் திருப்பும் கருவியில் இதே தொல்லையைக் கண்டு எழுதினார். 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், கவர்னர்களைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதி, எந்த நிலையில் தடுமாற்றம் தானாக அடங்கும், எந்த நிலையில் வளர்ந்துகொண்டே போகும் என்று கணிதத்தால் காட்டினார். மின்காந்த அலைகளைக் கணித்தவர் இப்படியொரு நடைமுறைத் தொல்லைக்கு நேரம் ஒதுக்கியது என்னை எப்போதும் கவர்கிறது.

அவர்கள் கண்ட அடிப்படை எளியது. திருத்தம் தாமதமாக வந்தாலோ அளவுக்கு மிஞ்சி வந்தாலோ, அது அடுத்த தவறாக மாறிவிடும். சைக்கிள் பழகுகிற பிள்ளை இடப்பக்கம் சாயும்போது ஹேண்டிலை ஒரே ஒடியாக ஒடித்து, உடனே வலப்பக்கம் சாய்வதைப் போல. பக்கவழி வால்வில் கரி படிந்து அது ஒட்டி ஒட்டி நகர்ந்தால் நடப்பது இதுவே. பெட்டி 'மூடு' என்கிறது; வால்வு அசையவில்லை. இன்னும் மூடச் சொல்கிறது. திடீரென்று விடுபட்டு அதிகமாக மூடிக்கொள்கிறது. இன்ஜின் அணையப் போகிறது. 'திற' என்ற கட்டளை போகிறது. துளையே இல்லாமலும் அலைவு வரலாம் என்பதற்கு இது உதாரணம்.

படாளம் வட்டாரத்தில் இதைப் பார்க்கக் காருக்கே போக வேண்டியதில்லை. டீசல் பம்ப்செட் ஓட்டியவர்கள், டீசல் லைனில் காற்று புகுந்தால் இன்ஜின் ஏறி இறங்கி ஓடுவதை வரப்பில் நின்றே கேட்டிருப்பார்கள். படாளத்தில் உள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்ற இடங்களில் நீராவி டர்பைன்களின் வேகத்தைக் காப்பதும் கவர்னர்தான்.

அலைவா, குலுக்கலா

கண்டறியும் வேலை காதிலிருந்து தொடங்குகிறது. பானட்டைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் கேட்க வேண்டும். ஏற்ற இறக்கம் ஒழுங்காக, ஏறக்குறைய ஒரே கால இடைவெளியில் வருகிறதா? அப்படியானால் அது அலைவு: ஏதோ ஒன்று திருத்திக்கொண்டிருக்கிறது. ஒழுங்கே இல்லாமல், ஸ்டியரிங்கும் சீட்டும் அதிர, சைலன்சரில் பொட் பொட் என்று விட்டுவிட்டு வருகிறதா? அது குலுக்கல்: ஏதோ ஒரு சிலிண்டரில் கலவை எரியவில்லை. மெக்கானிக் அதை மிஸ்ஸிங் என்பார். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

மூன்று சிலிண்டர் வண்டியில் மிஸ்ஸிங் கொடுமையாக உணரப்படும். 900 சுற்றில் வினாடிக்கு 22 அல்லது 23 வெடிப்புகள். ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மூன்று சிலிண்டர் இன்ஜின் நல்ல நிலையிலும் முன்பின்னாகச் சற்று ஆடும் இயல்புடையது; இன்ஜின் மவுண்டிங் ரப்பர் இறுகிப்போனால் அந்த ஆட்டம் அப்படியே உடம்புக்கு வரும். முள் அசையாமல் நிற்கிறது, வண்டி மட்டும் நடுங்குகிறது என்றால் மவுண்டிங்கைப் பார்ப்பதே முதல் வேலை.

எந்தச் சிலிண்டர் படுத்திருக்கிறது என்று அறிய, இன்ஜெக்டர்களின் மின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டலாம். கழற்றியதும் ஓட்டம் தொய்ந்தால் அந்தச் சிலிண்டர் நல்லது. கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால், அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் சைலன்சரிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய்ச் சேர்ந்து அதைச் சூடேற்றிக் கெடுக்கும், கையில் ஷாக்கும் அடிக்கும். இன்ஜெக்டர் வழியே நல்லது.

ஒரு வண்டி, ஒரு பிற்பகல்

இனி நம் எடுத்துக்காட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குள் தள்ளுவோம். எம்பிஎஃப்ஐ 800. உரிமையாளர் சொல்வது: காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக ஓடுகிறது, செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளத்தில் நிற்கும்போது உறுமுகிறது. ஏசி போட்டால் உறுமல் நின்றுவிடுகிறது.

இந்த மூன்று விவரங்களில் பாதி விடை இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்கு வெற்றோட்ட வேகம் கூடுதலாக வேண்டும். பெட்ரோலை நிறுத்தும் எல்லையும் அப்போது உயரத்தில் இருக்கும். அதனால் காலையில் அந்த மிகைக் காற்று தொந்தரவு இல்லை, உதவிதான். சூடானதும் தேவை குறைகிறது, எல்லையும் இறங்குகிறது, மிகைக் காற்று வெளிப்படுகிறது. ஏசி போட்டால் கம்ப்ரசரின் சுமை அந்த மிகையைத் தின்றுவிடுகிறது. வேகம் எல்லையைத் தொடுவதில்லை. சூட்டில் வருவது, சுமையில் மறைவது: இரண்டும் மிகைக் காற்றையே காட்டுகின்றன. எதிர்மாறாக, ஏசி போட்டதும் இன்ஜின் அணைந்தால், காற்று பற்றவில்லை; கரி படிந்த வால்வையும் த்ராட்டிலையும் நினைக்க வேண்டும்.

ஸ்கேனர் இங்கே அதிகம் உதவாது. தன் பழுதைத் தானே பதிவுசெய்யும் ஏற்பாடு இந்தியக் கார்களில் 2010-க்குப் பிறகே படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் அழுத்த சென்சார் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை பெட்டிக்குப் புகார் எதுவும் இல்லை.

அடுத்தது நான் மிகவும் மதிக்கும் ஒரு சோதனை. செலவில்லை, கருவியில்லை. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயை த்ராட்டில் வாயிலிருந்து கழற்றிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே அந்த வாயை ஒரு தட்டையான பலகையாலோ தடித்த ரப்பர்த் தகட்டாலோ முழுவதும் அடைக்க வேண்டும். கையால் அடைக்கக் கூடாது. இழுவை பலமாக இருக்கும். கதவோர இடைவெளிக்கும் பக்கவழி வால்வுக்கும் காற்று அந்த வாய் வழியேதான் வருகிறது. ஆகவே அதை அடைத்தால் இன்ஜின் ஓரிரு நொடியில் அணைய வேண்டும். அணைந்தால் மேனிஃபோல்டில் சொல்லும்படியான ஓட்டை இல்லை.

நம் வண்டி அணையவில்லை. உறுமல் நின்று, கரகரத்த குரலில் ஓடிக்கொண்டே இருக்கிறது. காற்றுக்கு வேறு வழி இருக்கிறது என்பது இனி ஊகமல்ல.

வழி எது? குழாய்களை ஒவ்வொன்றாக, துணி சுற்றிய பிளேயரால் மேனிஃபோல்டை ஒட்டிய இடத்தில் நசுக்கிப் பார்க்கிறோம். பிரேக் பூஸ்டர் குழாய்: மாற்றமில்லை. டேங்கு ஆவிக் குழாய்: மாற்றமில்லை. பிரீதர் ஹோஸை நசுக்க இடமில்லை. அது மேனிஃபோல்டின் அடிப்பக்கம் வளைந்து போகிறது. அங்கே ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளிக்கிறோம். துளையைத் தண்ணீர் ஒரு கணம் அடைத்ததும் சத்தம் மாறுகிறது, முள் இறங்குகிறது, தண்ணீர் உறிஞ்சப்பட்டதும் மறுபடி ஏறுகிறது. இதற்குப் பெட்ரோல் தெளிப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் பைப் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது அது உயிரோடு விளையாடுவது, தண்ணீரே போதும்.

ஹோஸைக் கழற்றினால் வளைவின் உட்புறத்தில் ஒரு பிளவு. இன்ஜின் ஓடாதபோது பிளவு மூடியிருக்கிறது. இழுவை வந்து, இன்ஜின் அசைந்து, சூட்டில் ரப்பர் தளரும்போது வாய் திறக்கிறது. நிறுத்தி வைத்த வண்டியைக் கண்ணால் பார்த்து "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. புது ஹோஸ், புது கிளாம்ப். முள் 900-இல் நிற்கிறது. மறுபடி வாயை அடைத்துப் பார்க்கிறோம். இன்ஜின் உடனே அணைகிறது. இந்தக் கடைசி அடைப்பை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் ஒரு பிளவு கிடைத்தது என்பதற்காக இரண்டாவது இல்லை என்று ஆகிவிடாது.

இந்த வட்டாரத்தின் கைவரிசை

ரப்பர் ஏன் வெடிக்கிறது? சூடு, எண்ணெய் ஆவி, காற்றிலுள்ள ஓசோன். இழுத்து மாட்டப்பட்ட முனைகளில் முதலில் வெடிக்கும். கரும்பும் நெல்லும் விளையும் ஊர்களில் எலியும் சேர்ந்துகொள்கிறது. நான்கு நாள் எடுக்காத வண்டியின் பானட்டு அதற்கு நல்ல இடம்.

மாமல்லபுரம், கோவளம் பக்கம் கதை வேறு. கடல் காற்றிலுள்ள உப்பு ஈரம் ஒயர் இணைப்புகளுக்குள் புகுந்து, செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. சென்சார்கள் சிறு மின்னழுத்த மாற்றங்களால் பேசுபவை. எர்த் ஒயர் முனையில் களிம்பு பிடித்தால் அந்தப் பேச்சு திரிந்துவிடும். சூடான இன்ஜினைக் குளிர்ந்தது என்று பெட்டி நம்பலாம். கெட்டியான கலவையைக் கொடுத்துக் குலுங்க வைக்கலாம். கடற்கரை வண்டியில் ஹோஸைத் தேடும் முன் எர்த் முனைகளைக் கழற்றித் தேய்த்து மாட்டிப் பார்ப்பது நியாயம்.

எத்தனாலையும் சொல்ல வேண்டும். 2023-இலிருந்து வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று எல்லாப் பங்குகளிலும் வழக்கமாகிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும்: 1 கிராமுக்கு 9 கிராம். கலந்த எரிபொருளுக்குச் சராசரியாக 13.5 கிராம். ஆகவே பழைய அளவிலேயே எரிபொருள் பாய்ந்தால் கலவை 8 சதவீதம் போல் மெலிந்துவிடும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி இதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். கார்ப்பரேட்டர் 800, ஜிஎஸ்டி சாலையோரம் வண்டலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. அவற்றில் குளிர்ந்த இன்ஜின் திணறினால், ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைச் சற்றுத் திறந்து கலவையைக் கெட்டியாக்க வேண்டியிருக்கும். எத்தனாலை எதிர்பார்க்காத காலத்து ரப்பர்ப் பாகங்கள் சீக்கிரம் தளர்வதும் உண்டு. நீண்ட நாள் நிறுத்திவைக்கும் வண்டியில் பழைய பெட்ரோல் ஈரத்தை ஈர்த்துக்கொண்டிருக்கும். முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற சோதனை.

பிரேக் பூஸ்டர் குழாய்

நம் எடுத்துக்காட்டில் குற்றவாளி பிரீதர் ஹோஸ். அதே பிளவு பிரேக் பூஸ்டர் குழாயில் இருந்திருந்தாலும் உறுமல் இதேபோல்தான் கேட்டிருக்கும். பூஸ்டர் வைத்த கார்களில், காலின் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பது மேனிஃபோல்டின் இழுவைதான். அந்தக் குழாய் கசிந்தால் பிரேக் மிதி கல்லாகிவிடும். வண்டி நிற்கும், ஆனால் பலமடங்கு மிதிக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒர்க்‌ஷாப் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதித்தால் பூஸ்டரில் சேர்ந்திருந்த இழுவை தீர்ந்து மிதி இறுகும். காலை அப்படியே அழுத்திவைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். மிதி காலடியில் சிறிது கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவே இல்லையென்றாலோ, பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜினின் உறுமல் மாறினாலோ, சந்தேகம் அந்தக் குழாயின் மேலோ பூஸ்டரின் மேலோதான். லாரிகள் ஓயாத ஜிஎஸ்டி சாலையில் அப்படியொரு வண்டியை வீடு வரை ஓட்டிப் போகக் கூடாது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறுவதே சரி.